கண்ணாடி முன் நின்று 'நான் சரளமாக ஸ்பானிஷ் பேசுகிறேன்' என்று சொன்னால் ஸ்பானிஷ் வருமா?

கேள்வியை ஒருமுறை என் வார்த்தையில் எழுதிக்கொள்கிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்டதற்கும் கேட்க நினைத்ததற்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி தெரிகிறது. ஆறு மாதமாக ஆப்பில் ஸ்பானிஷ் படிக்கிறீர்கள், தினமும் இருபது நிமிடம், ஒரு நாள்கூட விடவில்லை. படித்தால் புரிகிறது, கேட்டால் பாதி புரிகிறது, ஆனால் வியாழக்கிழமை வேலை விஷயமாக மெக்சிகோ அணியோடு பேசும் கால் வரும்போது மட்டும் வாய் ஒட்டிக்கொள்கிறது. ஒரு வீடியோவில் தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று 'நான் ஸ்பானிஷ் சரளமாகப் பேசுகிறேன்' என்று 21 நாள் சொன்னால் ஆழ்மனதில் பதிந்து பேச்சு தானாக வந்துவிடும் என்றார்களாம், தூங்கும்போது ஓடவிடும் ஆடியோவும் காசுக்கு விற்கிறார்களாம். இந்த அஃபர்மேஷன் வேலை செய்யுமா, செய்யும் என்றால் தமிழில் சொல்வதா ஸ்பானிஷில் சொல்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். என் காதில் விழுவது வேறு: தெரிந்த வார்த்தைகூட ஏன் வெளியே வரமாட்டேன் என்கிறது, இந்தக் கூச்சத்தைத் தாண்ட ஏதாவது வழி உண்டா? இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் பதின்மூன்று வருடமாகப் பெரியவர்களுக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறேன். மாணவர்களில் முக்கால்வாசிப் பேர் தமிழ் பேசுகிறவர்கள். அதற்கு முன்னால் ஸ்பெயினின் தெற்கே கிரனாதாவில் ஒரு வருடம் இருந்து படித்தேன். உளவியல் என் துறை கிடையாது. வகுப்பில் சிலருக்கு ஏன் வாயே திறக்கவில்லை என்று மண்டையைக் குடைந்துகொண்டு தேடிப் படித்ததுதான் அந்தப் பக்கத்தில் எனக்குள்ள ஞானம். அதனால் ஆய்வில் வந்தது எது, நான் வகுப்பில் பார்த்தது எது என்று பிரித்தே சொல்கிறேன், இரண்டாவதை என் அனுபவம் என்ற அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஸ்பானிஷ் வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். நம் எழுத்தில் ப-வுக்கும் க-வுக்கும் இரண்டு ஒலி இருப்பதால் ஒருமுறை போனில் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தேகமே இல்லாத விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அஃபர்மேஷன் உங்களுக்கு ஒரு வினைச்சொல்லைக்கூடக் கற்றுத்தராது. அமெரிக்க வெளியுறவுத் துறையில் தூதரக அதிகாரிகளுக்கு மொழி கற்றுக்கொடுக்கவே ஒரு பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கு இருப்பதிலேயே எளிதான மொழிகளின் வரிசையில்தான் அவர்கள் ஸ்பானிஷை வைத்திருக்கிறார்கள். அந்த எளிதான மொழிக்கே 600 முதல் 750 மணி நேர வகுப்பு வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. தினம் இருபது நிமிடம், ஆறு மாதம் என்றால் உங்களுக்கு ஆகியிருப்பது 60 மணி நேரம். பத்தில் ஒரு பங்குதான் நடந்திருக்கிறீர்கள். 'ஆறு மாசமாகியும் வரலையே' என்று உங்களைத் திட்டிக்கொண்டால் அது கணக்குத் தெரியாமல் திட்டுவது. அந்த அறுபது மணி நேரத்திலும் வாய்விட்டு, முன்னால் ஒரு ஆளை வைத்துக்கொண்டு பேசியது எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். திரையில் விரலால் தட்டியதெல்லாம் பேச்சில் சேராது.

அந்த 21 நாள் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழக குறைந்தது 21 நாள் ஆவதாகத் தோன்றுகிறது என்று 1960இல் எழுதினார். 'குறைந்தது' என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துபோய் 21 மட்டும் நிலைத்துவிட்டது. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து, சாப்பாட்டோடு ஒரு பழம் சாப்பிடுவது மாதிரியான சின்னப் பழக்கம் தானாக நடக்கும் அளவுக்கு வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆகிறது என்று கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள் அந்தக் கணிப்பு 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. பழம் சாப்பிடவே இந்தப் பாடு.

அஃபர்மேஷன் என்ற பழக்கம் இதைவிடப் பழையது. எமில் குவே என்ற பிரெஞ்சு மருந்தாளுநர், 1926இல் இறந்தவர், தன்னிடம் வந்தவர்களைக் காலையும் இரவும் ஒரே வாக்கியத்தை இருபது முறை சொல்லச் சொன்னார். இருபது முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றை வைத்துக்கொண்டு, ஜெபமாலை உருட்டுவதுபோல எண்ண வேண்டும். வாக்கியம் இதுதான்: ஒவ்வொரு நாளும், எல்லா வகையிலும், நான் மேலும் மேலும் தேறிவருகிறேன். குவே சொன்னது எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை, ஆனால் மனிதர் ஒன்றில் கெட்டிக்காரர். 'தேறிவிட்டேன்' என்று சொல்லச் சொல்லவில்லை, 'தேறிவருகிறேன்' என்று சொல்லச் சொன்னார். உங்கள் வீடியோக்காரர் கோட்டைவிட்டது சரியாக அந்த இடத்தில்தான்.

ஏன் என்று சொல்கிறேன். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோஆன் வுட் என்பவரும் சக ஆய்வாளர்களும் 2009இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மனதில் தோன்றுவதை எழுதிக்கொண்டே இருக்க வேண்டும், மணி அடிக்கும்போதெல்லாம் 'நான் அன்புக்குரியவன்' என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைத் தனக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். தன்மேல் ஏற்கனவே நல்ல எண்ணம் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு கூடியது. தன்னைப் பற்றித் தாழ்வாக நினைப்பவர்களுக்கோ முன்பைவிட மோசமாக இருந்தது. யாருக்கு மருந்து தேவையோ அவர்களுக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை. இதையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம், பிற்பாடு இதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அந்தக் கெடுதல் அப்படியே கிடைக்கவில்லை. ஆகவே 'அஃபர்மேஷன் ஆபத்து' என்றெல்லாம் நான் மிரட்டப் போவதில்லை. நம்பாத வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் பலன் வரும் என்பதற்குப் பிடிமானம் இல்லை, அவ்வளவு தூரம்தான் துணிந்து சொல்வேன்.

நானே இதைச் செய்து பட்டிருக்கிறேன். கிரனாதா போன முதல் மாதம், அறையில் அலமாரிக் கதவில் பெரிய எழுத்தில் 'ஆப்லோ எஸ்பன்யோல் கோன் ஃப்ளூயிதேஸ்' என்று எழுதி ஒட்டியிருந்தேன். ஸ்பானிஷ் சரளமாகப் பேசுகிறேன் என்று அர்த்தம். காலையில் அதைப் பத்து முறை சொல்லிவிட்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு கீழே ரொட்டிக் கடைக்குப் போவேன். ஒரு ரொட்டி வேண்டும் என்பதை ஒப்பித்து வைத்திருந்தபடி அழகாகச் சொன்னேன். கடைக்கார அம்மா ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே 'ஆர்கோ மா?' என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பவும் 'ஆர்கோ மா?' பின்னால் வரிசை நிற்கிறது. சும்மா சிரித்து வைத்தேன், காசை நீட்டினேன், வெளியே வந்துவிட்டேன். மாடிப்படி ஏறும்போதுதான் உறைத்தது, அது 'அல்கோ மாஸ்?', 'வேறு ஏதாவது?' என்ற சாதாரணக் கேள்வி. முதல் பாடத்தில் படித்தது. கிரனாதா இருக்கும் அந்தாலுசியா பகுதியில் கடைசி ஸ்-ஐ விழுங்குவார்கள், சில இடங்களில் ல் போய் ர் வரும். அறைக்குள் போனதும் அலமாரிக் கதவு என்னைப் பார்த்துச் சிரித்தது. அந்தக் காகிதம் இல்லாவிட்டால் 'ஒரு வார்த்தை புரியவில்லை' என்பதோடு போயிருக்கும். அது இருந்ததால் 'நான் பொய் சொல்கிறேன்' என்றும் ஆகிவிட்டது.

காகிதத்தைக் கிழித்துப் போட்டேன், அடுத்த நாள் வேறு ஒன்று எழுதினேன்: 'ஓய் போய் அ பிரெகுந்தார் உனா கோசா.' இன்றைக்கு ஒரு விஷயம் கேட்கப் போகிறேன். அவ்வளவுதான். அன்று அந்த அம்மாவிடம் எந்த ரொட்டி இன்று சுட்டது என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலில் பாதி புரிந்தது. ஆனால் ராத்திரி படுக்கும்போது அந்த வாக்கியம் உண்மையாகிவிட்டிருந்தது. ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் 1977இலேயே இதைச் சொல்லிவிட்டார், 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை வரும் வழிகளில் வலுவானது நாமே செய்து முடித்த அனுபவம், யாரோ சொல்லித் தேற்றுவது அதைவிட பலவீனமானது என்று. நாமே நமக்குச் சொல்வதும் சொல்லித் தேற்றுவதில்தான் சேரும் என்பது என் எண்ணம்.

இப்போது அந்த வாய் ஒட்டிக்கொள்ளும் விஷயம். அது உங்கள் தனிப்பட்ட கோளாறு கிடையாது, அதற்கு அளவுகோலே இருக்கிறது. 1986இல் டெக்சஸில் எலைன் ஹார்விட்ஸும் இன்னும் இருவரும் வேற்றுமொழி வகுப்பில் வரும் பதற்றத்தை அளக்க 33 வாக்கியங்கள் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்தார்கள், இன்றும் அதைத்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். பதற்றம் கூடியவர்கள் மதிப்பெண்ணில் ஓரளவு பின்தங்குகிறார்கள் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. பதற்றத்தால் மொழி வரவில்லையா, மொழி வராததால் பதற்றமா என்பதில்தான் சண்டை. ஸ்பார்க்ஸ், கான்ஷோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் இரண்டாவது கட்சி. நான் வகுப்பில் பார்த்தவரை ஒன்று மற்றதைத் தள்ளிக்கொண்டே போகிறது, எது முதல் என்று பிரிக்க முடிந்ததில்லை. அஃபர்மேஷனுக்கு ஏதாவது வேலை இருக்கிறது என்றால் இந்தச் சுழலில் ஒரு இடத்தில் கொஞ்சம் பிரேக் போடுவதுதான். பேச்சைத் தராது, பேச ஆரம்பிக்கும் அந்த மூன்று விநாடியைக் கடக்க உதவலாம்.

நம் ஊர்க்காரர்களிடம் இன்னொன்றும் சேர்ந்து வருகிறது, ஆங்கிலத்தில் பட்ட அடி. பள்ளியிலோ கல்லூரியிலோ முதல் இன்டர்வியூவிலோ ஆங்கிலத்தில் தப்பாகப் பேசி யாரோ சிரித்திருப்பார்கள், அந்தச் சிரிப்பு அப்படியே ஸ்பானிஷுக்கும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. ஐம்பது வயதுக்காரர் ஒருவர், பெரிய பதவியில் இருப்பவர், என் வகுப்பில் கேமராவை அணைத்துவிட்டுத்தான் பேசுவார். யோசித்தால், நம் ஊரில் யாரும் உங்கள் ஸ்பானிஷை வைத்து நீங்கள் எந்த ஸ்கூலில் படித்தீர்கள், எந்த வீட்டுப் பிள்ளை என்று எடை போடப் போவதில்லை. அந்தச் சுமை ஆங்கிலத்துக்கு மட்டும் உரியது. இதை அவரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இரண்டு வகுப்பு கழித்து கேமரா ஆன் ஆனது. 'நமக்கெல்லாம் எங்க வரும்', 'இந்த வயசுல என்ன' என்பவையும் அஃபர்மேஷன்தான், பல வருடமாக ஒரு நாள் விடாமல் சொல்லிக்கொண்டு வந்தவை. புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்கு முன்னால் பழைய கணக்கில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

எந்த வாக்கியம் சொல்வது என்பதற்கு ஸ்பானிஷ் இலக்கணமே வழிகாட்டும், இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 'இரு' என்பதற்கு ஸ்பானிஷில் இரண்டு வினை உண்டு. இயல்பைச் சொல்ல 'சேர்', இப்போதைய நிலையைச் சொல்ல 'எஸ்தார்'. தோராயமான விதிதான், ஆனால் நமக்கு இப்போதைக்குப் போதும். 'சொய் லிஸ்தோ' என்றால் நான் புத்திசாலி, 'எஸ்தொய் லிஸ்தோ' என்றால் நான் தயார். பெண்ணாக இருந்தால் லிஸ்தா. வகுப்புக்கு முன் சொல்ல வேண்டியது இரண்டாவது. புத்திசாலியா இல்லையா என்ற வழக்கை யாரும் தினமும் காலையில் நடத்த வேண்டியதில்லை. இதில் ஒரு எச்சரிக்கை. கோவையிலிருந்து ஒரு மாணவர், நானாகச் சொல்லிக்கொடுக்காமல், ஏதோ மொழிபெயர்ப்புக் கருவியில் 'நான் நன்றாக இருக்கிறேன்' என்பதற்கு 'எஸ்தொய் புவேனோ' என்று எடுத்து ஒரு மாதம் கண்ணாடி முன் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் மெக்சிகோ கிளையன்ட் 'கோமோ எஸ்தாஸ்?' என்று கேட்டதும், பழகிய வாய், கணீரென்று 'எஸ்தொய் புவேனோ!' அந்தப் பக்கம் ஒரு கணம் அமைதி, அப்புறம் வெடிச் சிரிப்பு. அங்கே அதற்கு 'நான் செம கட்டை' என்கிற மாதிரி அர்த்தம். சொல்ல வேண்டியது 'எஸ்தொய் பியென்'. திரும்பத் திரும்பச் சொன்னால் பதியும் என்பது உண்மைதான், தப்பும் அதே உறுதியோடு பதியும். அதனால் கண்ணாடிக்குப் போவதற்கு முன் வாக்கியத்தை ஸ்பானிஷ்காரர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

இதைவிட அழகான இடம் ஒன்று இருக்கிறது. 'என்னால் முடியும் என்று நம்புகிறேன்' என்பது 'க்ரெயோ கே புவேதோ'. 'முடியும் என்று நம்பவில்லை' என்பது 'நோ க்ரெயோ கே புவேதா'. கடைசி எழுத்தைக் கவனியுங்கள். நம்பிக்கை இருந்தால் வினை நேராக நிற்கிறது, நம்பிக்கை இல்லை என்றதும் அதே வினை உருமாறி வேறு வடிவத்துக்குப் போய்விடுகிறது. சந்தேகம், ஆசை, ஏக்கம் எல்லாவற்றுக்கும் அந்த வடிவம்தான், மாணவர்கள் தலையில் கைவைத்துக்கொள்ளும் சுப்ஹுந்திவோ. அரபியிலிருந்து வந்த 'ஒஹலா' என்ற சொல் இருக்கிறது, நம் 'ஆண்டவன் மனசு வச்சா' மாதிரி. 'ஒஹலா புவேதா', முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். உங்கள் உண்மையான மனநிலை இதுதான் என்றால் இதையே சொல்லுங்கள், வெட்கமே வேண்டாம். புவேதோ, புவேதா என்று ஒரு வாரம் மாற்றி மாற்றிச் சொன்னால் சுப்ஹுந்திவோவுக்குள் ஒரு காலாவது வைத்துவிட்டீர்கள், அஃபர்மேஷன் பலித்ததோ இல்லையோ.

அதேபோல 'பதற்றப்படாதே, அமைதியாக இரு' என்று சொல்லிக்கொள்வதைவிட 'ஆவலாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொள்வது நல்லது என்று ஹார்வர்டில் ஆலிசன் வுட் ப்ரூக்ஸ் 2014இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். கரோக்கேயில் பாடுவது, மேடையில் பேசுவது, கணக்குப் போடுவது மூன்றிலும் அப்படிச் சொல்லிக்கொண்டவர்கள் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். படபடப்பை அணைப்பது கஷ்டம், அதற்கு வேறு பெயர் வைப்பது சுலபம் என்பது அதன் சாரம். வேற்றுமொழி பேச்சுக்கும் இது பொருந்தும் என்று நான் ஊகிக்கிறேன், ஊகம்தான். ஆனால் ஸ்பானிஷில் சொல்லும்போது ஆங்கிலத்தை அப்படியே திருப்பி 'எஸ்தொய் எக்ஸிதாதோ' என்று சொல்லிவிடாதீர்கள், அது காமம் சார்ந்த கிளர்ச்சியைக் குறிக்கும். 'எஸ்தொய் எமோசியொனாதோ' சரி, நான் பெண் என்பதால் எமோசியொனாதா என்பேன். அதைவிட இயல்பானது 'தேங்கோ கானாஸ் தே ஆப்லார்', நம் 'பேசணும்போல இருக்கு'.

என் மாணவர்களுக்கு நான் கொடுப்பது மூன்றே வாக்கியம். முதலாவது நிலவரம்: 'யேவோ செய்ஸ் மேசெஸ் அப்ரெந்தியெந்தோ எஸ்பன்யோல்', ஆறு மாதமாக ஸ்பானிஷ் கற்றுக்கொண்டிருக்கிறேன். யாரும் மறுக்க முடியாத உண்மை, அதோடு யார் அறிமுகமானாலும் முதல் நிமிடத்திலேயே தேவைப்படும் வாக்கியம். இரண்டாவது சாட்சி, நேற்று நிஜமாகச் செய்த ஒன்று, இறந்தகாலத்தில்: 'அயேர் ஆப்லே சிங்கோ மினூதோஸ்', நேற்று ஐந்து நிமிடம் பேசினேன். இது தினமும் மாற வேண்டும். மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை என்றால் நேற்று ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம், அந்தக் கேள்வியை அதுவே கேட்டுவிடும். மூன்றாவதுதான் முக்கியம்: 'சி நோ எந்தியெந்தோ, பிரெகுந்தோ.' புரியவில்லை என்றால் கேட்கிறேன். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களிலிருந்து ஆராய்ந்துவரும் விஷயம் இது. 'இப்படி நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தால், வெறும் 'செய்வேன்' என்பதைவிட நிறையப் பேர் செய்துமுடிக்கிறார்கள். நான் சொன்னதில் நல்ல ஆதாரம் உள்ள பகுதி எது என்று கேட்டால் இதைக் காட்டுவேன். ரொட்டிக் கடையில் என்னிடம் இது இருந்திருந்தால் சிரித்து வைத்துவிட்டு ஓடி வந்திருக்க மாட்டேன், 'பெர்தோன், கோமோ?' என்று கேட்டிருப்பேன்.

இதோடு தமிழ் தெரிந்ததால் உங்களுக்கு ஏற்கனவே கையில் இருப்பதையும் எண்ணிப் பாருங்கள், இதில் எந்த மிகையும் இல்லை. 'ஆப்லோ' என்ற ஒரே சொல்லில் 'நான்' ஒளிந்திருப்பது ஆங்கிலேயருக்கு விநோதம், 'பேசுகிறேன்' என்று சொல்லும் நமக்கு அது அன்றாடம். 'மே குஸ்தா' என்பதை அவர்கள் வாரக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள், பிடித்த பொருள் எழுவாய், பிடித்த ஆள் 'எனக்கு' என்று வருகிறதே என்று. நமக்கு 'எனக்குப் பிடிக்கும்' என்பதில் வரும் அந்த 'எனக்கு' பால்குடிக்கும் வயதிலிருந்தே பழக்கம். மூச்சை ஊதாமல் ப, த, க சொல்வதும், ஞ-வும் நம் வாயில் இருக்கிறது. 'பெரோ' என்றால் ஆனால், நாக்கை உருட்டிப் 'பெர்ரோ' என்றால் நாய், அந்த உருட்டலுக்குத்தான் கொஞ்சம் பாடுபட வேண்டும்.

தமிழிலா ஸ்பானிஷிலா என்பதற்கு வருகிறேன். தாய்மொழியில் கேட்கும் திட்டு உடம்பில் படும் அளவுக்குப் பின்னால் கற்ற மொழியின் திட்டு படுவதில்லை என்று துருக்கிக்காரர்களிடம் தோலின் மின்கடத்தலை அளந்து பார்த்திருக்கிறார்கள். அம்மா தமிழில் 'தண்டம்' என்பதற்கும் மேனேஜர் ஆங்கிலத்தில் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் நமக்கே தெரியும். திட்டு அப்படி என்றால் ஆறுதலும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் யூகம். அதனால் தேர்வுக்கு முந்தின ராத்திரி வயிற்றைக் கலக்கும்போது ஸ்பானிஷில் தேற்றிக்கொள்ளாதீர்கள், தமிழில் உங்கள் வீட்டுப் பேச்சில் 'பாத்துக்கலாம், போ' என்று சொல்லுங்கள். அந்த மூன்று வாக்கியம் ஸ்பானிஷில், வாய்விட்டு. மனதுக்குள் சொன்னால் நாக்குக்கும் உதட்டுக்கும் எந்தப் பயிற்சியும் கிடைக்காது. நாள் முழுக்க ஒரு சொல்கூடப் பேச ஆளில்லாதவர்களுக்கு இந்த ஒரு நிமிடமே பேச்சுப் பயிற்சி, அஃபர்மேஷனில் எனக்கு முழு நம்பிக்கை உள்ள பலன் அது ஒன்றுதான்.

தூக்க ஆடியோவை வாங்காதீர்கள். 1950களிலேயே சைமன், எம்மன்ஸ் என்ற இருவர் மூளை அலைகளைப் பதிவுசெய்துகொண்டே சோதித்து, உண்மையில் ஆழ்ந்து தூங்குகிறவர் கேட்டது எதையும் கற்பதில்லை என்று காட்டிவிட்டார்கள். சமீபத்தில் சுவிட்சர்லாந்தில், பகலில் படித்த வார்த்தைகளையே தூக்கத்தில் மெதுவாக ஒலிக்கவிட்டபோது காலையில் கொஞ்சம் கூடுதலாக ஞாபகம் இருந்தது என்று கண்டார்கள், ஆனால் அதற்கும் முதலில் விழித்துக்கொண்டு படித்திருக்க வேண்டும். அந்தக் காசுக்கு ஒரு மெக்சிகோ ஆசிரியரோடு ஆன்லைனில் ஒரு மணி நேரம் பேசுங்கள்.

ஒரு எல்லையைச் சொல்லிவிடுகிறேன். பேசுவதை நினைத்தாலே வியர்த்து, தூக்கம் கெட்டு, ஸ்பானிஷ் மட்டுமில்லாமல் எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்க முடியவில்லை என்றால் அது மொழி ஆசிரியர் கையில் இல்லை, ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். என் மாணவர்கள் இருவர் பார்த்தார்கள், நல்லதாகவே போனது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்த அளவு தெரியவில்லை, ஆனால் நான் உங்கள் எழுத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

வருகிற வியாழக்கிழமைக்கு ஒன்று. கால் ஆரம்பித்து எல்லோரும் வணக்கம் சொல்லும் அந்த முதல் நிமிடத்தில், வேலைப் பேச்சு தொடங்குவதற்கு முன்னால், இதைச் சொல்லிவிடுங்கள்: 'ஓய் போய் அ இன்தெந்தார் ஆப்லார் உன் போகோ என் எஸ்பன்யோல்.' இன்றைக்குக் கொஞ்சம் ஸ்பானிஷில் பேச முயற்சி செய்யப் போகிறேன். கண்ணாடியிடம் சொல்வதை அவர்களிடம் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். அவர்களே வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள். யாராவது 'ஓரலே!' என்று கத்தினால் பயந்துவிடாதீர்கள், மெக்சிகோவில் அதற்கு 'அட, சரி, ஆகட்டும்' என்று அர்த்தம்.